சலவைக் குறி

ஜன்னல் கம்பியின் நிழல் தண்ணீர்ப் பானையைத் தொட இன்னும் நான்கு விரற்கடை இருந்தது. தொட்டால் மணி இரண்டு. இது தஸ்நேவிஸ் தானாகப் போட்ட கணக்கு. கடிகாரத்தைக் காலையிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குண்டுவீச்சு விமானத்தில் வழி சொல்கிற நேவிகேட்டர் கடிகாரம் இல்லாவிட்டால் பாதி மனுஷன்தான், மீதிப் பாதியை வலது தோள்பட்டை தின்றுகொண்டிருந்தது. பாராசூட்டோடு பருத்திக் காட்டில் வந்து விழுந்தபோது மூட்டு விலகிவிட்டது. இப்போது அந்தக் கை உடம்போடு தொங்குகிறதே தவிர வேலைக்கு ஆகாது. ஆறு மணி. ஆறு மணிவரைக்கும் தாங்கினால் போதும். ஆறு மணிக்கு, அவன் கிளம்பி வந்த அந்த ஊரிலிருந்து மீதி எட்டு விமானமும் கிளம்பிவிடும், கிளம்பினால் திரும்பி அங்கே இறங்காது, வேறு இடம் ஏற்பாடாகியிருக்கிறது. அதுவரைக்கும் எட்டும் மாமரங்களுக்கு அடியில், பெட்ரோல் நிரப்பி, வயிற்றில் குண்டைக் கட்டிக்கொண்டு, ஒன்றுக்கொன்று நாற்பது கஜத்தில் நிற்கும். எதிரி விமானம் ஒன்றே ஒன்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், எட்டும் போச்சு, அதைச் சுற்றித் தூங்குகிறவர்களும் சீட்டாடுகிறவர்களும் சவரம் செய்துகொள்கிறவர்களும் போச்சு. ஊர் எதுவென்று தெரியாததால்தான் இன்னும் பார்க்கவில்லை. அந்த ஊர். பெயரை மனதுக்குள்ளும் சொல்லக் கூடாது என்று காலையிலிருந்து வைராக்கியமாக இருந்தான். மனதுக்குள் சொன்னால் முகத்தில் வந்துவிடும் என்று ஒரு பயம். ஆனால் மனசு இருக்கிறதே, எதை வேண்டாம் என்கிறோமோ அங்கேதான் போய் நிற்கும். முதல் எழுத்து வரைக்கும் வந்துவிடும், அவன் பதறிப்போய்ப் பேச்சை மாற்றுவான், தூத்துக்குடி பனிமய மாதா கோயில் தேரை நினைப்பான், உப்பளத்துக் காற்றை நினைப்பான், சித்தி மகள் கல்யாணத்தில் பந்தியில் நடந்த சண்டையை நினைப்பான், சண்டை முடிந்து எல்லாரும் கை கழுவுகிற நேரம் பார்த்து மறுபடியும் அந்த முதல் எழுத்து வந்து வாசலில் நிற்கும். ஏலே, பேசாம கெட, என்று அதை அதட்டினான்.

மேஜர் இனாயத் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். நாற்பது, நாற்பத்திரண்டு வயசு இருக்கும். கால்வாய் இலாகா பங்களாவின் சாமான் அறையில் கைதியை வைக்க வேண்டியிருப்பதற்கு மன்னிப்புக் கேட்டார். பிரிவினைக்கு முன்னால் நானும் உங்கள் பக்கத்துப் பட்டாளக் கண்டோன்மென்ட்களில்தான் இருந்தேன், நாலைந்து ஊர், அந்த ஊர்களின் மாம்பழம் இங்கே கிடைப்பதில்லை என்று பெருமூச்சு விட்டார். எந்த ஊர்கள் என்று சொல்லவில்லை. தஸ்நேவிஸ் பெயர், பதவி, எண் மூன்றையும் சொல்லி வாயை மூடிக்கொண்டான். எங்கிருந்து கிளம்பினீர்கள் என்று ஒன்பது தடவை கேட்டார், ஒன்பது தடவையும் அதே மூன்றுதான். பிறகு போகிற போக்கில், "உங்கள் பைலட் சுகமாக இருக்கிறார். பக்கத்து அறைதான். உங்களை விட நன்றாகப் பேசுகிறார்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "நான் தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வருகிறேன். டாக்டர் வந்துகொண்டிருக்கிறார். பனியனைக் கத்தரித்து எடுத்துவிட்டுத் தோளைச் சரிசெய்வார். உடுத்த வேறு துணி தருகிறோம்" என்றும் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் போய்க் கதவு சாத்தி, காவல்கார ஹவில்தார் வெளியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் பனியன் என்ற சொல் தஸ்நேவிஸின் காதிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. பனியன். இடது கையால் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். உள்பக்கம், தையலை ஒட்டி, இரண்டு குறி.

ஒன்று பழசு. தாய்த்தளத்து டோபி போட்டது, வட்டத்துக்குள் ஒரு பெருக்கல், வெளுத்துச் சாம்பலாகிக் கிடந்தது. மற்றது மூன்று நாளுக்கு முன்னால் அந்த ஊர் டோபி பன்சி போட்டது. ஒரு முக்கோணம், அதன் அடியில் இரண்டு புள்ளி, கன்னங்கரேல் என்று. விமானம் ஏறுவதற்கு முன்னால் நிர்வாகம் பார்க்கிற அட்ஜுடன்ட் கித்தான் பையை நீட்டுவார். கடிதம், மணிபர்ஸ், பஸ் டிக்கெட், சினிமா டிக்கெட்டின் கிழிந்த பாதி, சிகரெட் பெட்டியின் பின்னால் எழுதிய கணக்கு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட வேண்டும், எந்த ஊர் என்று சொல்கிற துரும்பு கூட உடம்பில் இருக்கக் கூடாது. இன்று காலை தஸ்நேவிஸ் கழுத்துச் செபமாலையைக் கூடக் கழற்றிப் போட்டான், அதன் சிலுவையில் கோயில் பெயர் இருந்தது. பனியனை யார் நினைத்தது? அதுவும் துவைத்த பனியன்தான் போட வேண்டும் என்பது பைலட் நாச்சிமுத்து அண்ணனின் சட்டம். அடி பட்டால் அழுக்குத் துணி புண்ணில் போய் ஒட்டிச் சீழ் வைக்கும் என்று எந்த டாக்டரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். பைலட்டுக்குச் சட்டம் போடத்தான் தெரியும், துணியைப் போட்டு எடுக்கத் தெரியாது. அவர் துணியும் தஸ்நேவிஸ் துணியும் எந்த ஊரிலும் ஒரே மூட்டைதான், ஒரே குறிதான். பிரித்துப் போடுங்களேன் அண்ணே என்றால், "ஏங் கண்ணு, பனியனுக்கெல்லாம் நமக்குள்ள என்ன பாகப்பிரிவினை?" என்று சிரிப்பார். மூட்டையை வாங்கும்போது பன்சி சேங்கொட்டை மையில் குச்சியைத் தோய்த்து அந்த முக்கோணத்தைப் போட்டுக்கொண்டே பெருமை அடித்தான்: இது என் அப்பன் போட்ட குறி சாகிப், வெள்ளைக்கார துரைமார் காலத்திலிருந்து இந்த ஊரில் இதேதான், கராச்சி போனாலும் பெஷாவர் போனாலும் இந்தக் குறியைப் பார்த்தால் நம் துணி என்று தெரியும். பெஷாவர் போனாலும். அப்போது தஸ்நேவிஸும் சேர்ந்துதான் சிரித்தான். நாலைந்து ஊர் என்றாரே மேஜர். நாலைந்தில் அந்த ஊரும் ஒன்றாக இருந்தால்? அந்த ஊர் டோபியிடம்தானே போட்டிருப்பார், வேறு யாரிடம் போட்டிருப்பார், அந்த ஊரில் கண்டோன்மென்டுக்கு இருப்பது ஒரே ஒரு டோபி வீடு.

பனியனைக் கழற்ற முடியாது, தோள் விடாது. கிழித்துப் பார்த்தான், ஒற்றைக் கையில் கெட்டித் துணி கிழிகிறதா. சுவரில் தேய்த்தான், சுண்ணாம்பு உதிர்ந்ததே தவிர சேங்கொட்டைக் கறை அசையவில்லை, அசையாது என்பதற்காகத்தானே அதைப் போடுகிறார்கள். கடைசியில் குனிந்து ஓரத்தை வாயில் திணித்துக்கொண்டான். பல்தான் பாக்கி. பழைய குறி கிடக்கட்டும், தாய்த்தளம் எதுவென்று ஊர் உலகத்துக்கே தெரியும், அதைத் தின்ன நேரமில்லை. நூல் பற்களுக்கு நடுவே வழுக்கியது. வியர்வை உப்பு, பருத்திக் காட்டு மண், அதற்கு அடியில் சேங்கொட்டையின் கசப்பு, பட்ட இடம் கொப்புளிக்கும் என்பார்கள், உதடு மெல்ல எரியத் தொடங்கியது. முப்பத்தோரு வயசில், விமானப்படை அதிகாரி, ஆட்டுக்குட்டி மாதிரி பனியனை மென்றுகொண்டிருக்கிறான். அண்ணன் பார்த்தால் ஆயுசுக்கும் கேலி செய்வார். பார்த்தால். பார்ப்பார். பக்கத்து அறைதான். ஒரு நூல் அறுந்தது. மேஜர் சொன்னதை நம்பலாமா? விசாரிக்கிறவன் ஆயிரம் சொல்வான், உன் கூட்டாளி எல்லாம் சொல்லிவிட்டான் என்பது அவர்களுக்கு முதல் பாடம். ஆனால் சுகமாக இருக்கிறார் என்று சொன்னாரே, அதில் அவருக்கு என்ன லாபம்? லாபம் இருக்கிறது. இல்லை, இல்லை, முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இன்னொரு நூல். அவன் இரண்டாவது பாராசூட்டைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் இல்லை என்று ஆகுமா? தொங்கிக்கொண்டு சுற்றினானே, புகை இருந்ததே, சூரியன் கண்ணுக்கு நேரே இருந்ததே, பின்பக்கம் எங்கேயாவது இறங்கியிருக்கலாம். பதினோரு விநாடி. ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்ல அவனுக்குப் பதினோரு விநாடி ஆகும், தொழில் புத்தியில் ஒருமுறை கடிகாரம் வைத்து அளந்திருக்கிறான். அவ்வளவு நேரத்தைத்தான் காலையில் வீணாக்கினான்.

அந்த விமானத்தில் ஒரு ஓரவஞ்சனை உண்டு. பைலட்டின் நாற்காலி கைப்பிடியை இழுத்தால் ஆளை வெடித்து வெளியே எறிந்துவிடும். நேவிகேட்டருக்கு அது கிடையாது. அவன் பாராசூட்டை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, ஊர்ந்து போய், பக்கக் கதவைத் திறந்து தானாகக் குதிக்க வேண்டும். அதுவரைக்கும் பைலட் விமானத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், பிடிக்காமல் தன் நாற்காலியை இழுத்தால் நேவிகேட்டர் கதி அதோடு முடிந்தது. எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். இடது இறக்கையில் தீப் பிடித்ததும் காதுக்குள் அண்ணன் குரல் வந்தது, ஏதோ சந்தையில் கூட்டத்தில் வழி விடச் சொல்கிற குரல்: "கண்ணு, நீ எறங்கிக்க. நான் புடிச்சுக்கறேன்." இவன் கதவைத் திறந்துவிட்டான். காற்று முகத்தில் அறைந்தது. அப்புறம் திரும்பினான். எதற்குத் திரும்பினான்? மேப். மேசையில் மேப் கிடந்தது, அதில் கிளம்பிய இடத்திலிருந்து பென்சில் கோடு. அதை எதிரி கையில் விடக் கூடாது என்று படித்துக் கொடுத்திருக்கிறார்கள், படித்த பிள்ளை திரும்பி வந்து அதை உருவி நாலாகக் கிழித்து, கிழித்ததை எட்டாகக் கிழித்தான். "போயிட்டயா கண்ணு?" "இந்தா போறேம்ணே, ஒரு நிமிஷம்." "உன்ற மேப்ப அப்பறம் மடிக்கலாம், போ சாமி, நான் பொறகால வர்றேன்." விமானமே எரிந்து சாம்பலாகப் போகிறது, அதற்குள் கிடக்கிற காகிதத்தைக் கிழிக்க ஒருவன் பதினோரு விநாடி எடுத்துக்கொண்டான், இன்னொருவன் அந்தப் பதினோரு விநாடியும் தீக்கு நடுவில் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பாவி, என்று தஸ்நேவிஸ் துணி வாயோடு அழுதான், நான் படுபாவி. பாவாத்தாக்கா முகம் வந்தது. அண்ணன் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவனுக்கும் சேர்த்துக் கோழி அடிப்பவள். கிளம்புகிற அன்றைக்கு வாசலில் நின்று, "அவுருக்கு ஓட்டத்தான் தெரியும் தம்பி, பாதை தெரியாது. நீங்கதான் கூட்டிட்டு வந்து வுடோணும்" என்றாள். சரிக்கா, என்று தலையை ஆட்டினான், ஆட்டிவிட்டு டிபன் கேரியரையும் வாங்கிக்கொண்டான்.

யாரோ இருமினார்கள். பக்கத்து அறையில்தான். தஸ்நேவிஸ் மெல்வதை நிறுத்தினான். மறுபடியும் இருமல், சிகரெட் இருமல், அடித்தொண்டையிலிருந்து வாரிக்கொண்டு வருவது. நாச்சிமுத்து அண்ணன் காலையில் எழுந்ததும் இப்படித்தான் இருமுவார், பாதி ஸ்குவாட்ரன் அதில்தான் விழிக்கும். அண்ணே! அவனுக்குக் காலும் ஓடவில்லை கையும் ஓடவில்லை. இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். மாதாவே, இருக்கிறார். மேஜர் யோக்கியன், பொய் சொல்லவில்லை, சுகமாக இருக்கிறார் என்று சொன்னார், இதோ சுகமாக இருமுகிறார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அதற்குப் பின்னால் இன்னொன்று எட்டிப் பார்த்தது. அவரும் அதே பனியனைத்தானே போட்டிருக்கிறார். அதே மூட்டை, அதே முக்கோணம், அதே இரண்டு புள்ளி. இவன் எவ்வளவு தின்று என்ன, அங்கே ஒன்று முழுசாக இருக்கிறது, அவருக்கு அது தோன்றவே தோன்றாது, துணி விஷயம் என்றைக்கு அவருக்குத் தோன்றியது. சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான். விமானத்தில் ஏறும்போது அண்ணன் அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார், எருமையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி. காதைச் சுவரில் ஒட்டவைத்தான். வெளியே ஹவில்தார் ஸ்டூல் கிரீச்சிட்டது. கத்தினால் வந்துவிடுவான். ஆனால் ஜெபம் சொல்கிற கைதியை யார் தடுக்கப் போகிறார்கள்? ஹவில்தாருக்குத் தமிழ் தெரியுமா என்ன. தஸ்நேவிஸ் சுவரைப் பார்த்து மண்டி போட்டான், தோளில் உயிர் போனது, செபமாலை ராகத்தில், கோயிலில் உபதேசியார் இழுக்கிற இழுப்பில் தொடங்கினான்: "நாச்சிமுத்து அண்ணே, நான் தஸ்நேவிஸ் பேசுதேன். பனியன் ஓரத்துல ரெண்டு குறி கெடக்கு. பன்சி போட்டது, புதுசு, முக்கோணம். அத மட்டும் கடிச்சுத் தின்னுருங்கண்ணே. டாக்டர் வாரதுக்குள்ள தின்னுருங்க. பழசு கெடந்தா கெடக்கட்டும், ஆமென்." பத்து தடவை சொன்னான். ஹவில்தார் கதவின் சிறு துவாரத்தைத் திறந்து பார்த்தான், மண்டி போட்டிருப்பவனைப் பார்த்து மரியாதையாக மூடினான். பதினோராவது தடவை சொல்லும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் வந்தது, இரண்டு இருமல், சொல்லிவைத்தாற்போல். கேட்டுவிட்டார். தின்பார். கேலி செய்துகொண்டாவது தின்பார்.

அதற்குப் பிறகு அவன் பல்லுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ. கடைவாயில் வைத்து அரைத்தான், தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி இழுத்தான், ஈறு கிழிந்து இரத்தம் வந்தது, முக்கோணத்தின் ஒரு பக்கம் போனது, இன்னொரு பக்கம் போனது, புள்ளிகள் இரண்டும் ஒரு நூல் உருண்டையோடு வாய்க்குள் வந்து சேர்ந்தன. விழுங்கினான். தொண்டையில் சிக்கிக்கொண்டது, பானைத் தண்ணீரைக் கவிழ்த்துக் குடித்து உள்ளே தள்ளினான். பனியன் ஓரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. பருத்திக் காட்டு முள் கிழித்தது என்பேன், விழுந்தபோது மாட்டியது என்பேன், யார் கேட்கப் போகிறார்கள். கம்பி நிழல் பானையை எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. இரண்டரை இருக்கும். இன்னும் மூன்றரை மணி நேரம், செபமாலையாக எண்ணினால் பதினாலு செபமாலை. முடியும். ஒன்பது தடவை சொல்லாதவன் இன்னும் தொண்ணூறு தடவை சொல்லாமல் இருப்பான். டாக்டர் வந்தார், பேசாத மனுஷர். கத்தரிக்கோல் முதுகில் சில்லென்று மேலே ஏறியது, பனியன் இரண்டாக விழுந்தது, ஹவில்தார் அதை எடுத்துக்கொண்டு போனான், தஸ்நேவிஸ் அந்தப் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. டாக்டர் காலை அவன் விலாவில் ஊன்றிக் கையை ஒரு இழு இழுத்தார். கத்தினான். மூட்டு ஏறிக்கொண்டது. வலி குறைந்ததும் உலகமே கொஞ்சம் நல்லதாகத் தெரிந்தது. ஹவில்தார் ஒரு தொளதொளச் சட்டையும் ஒரு டம்ளர் டீயும் கொண்டுவந்தான். சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தான். எரிகிற உதட்டில் வைத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, ஆறரை மணிக்கு எல்லாம் முடிந்த பிறகு அண்ணனைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பதினோரு விநாடிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். போடா கண்ணு என்பார்.

மேஜர் வந்தார். ஒரு கையில் கத்தரித்த பனியன், இன்னொரு கையில் மடித்த துணி ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து, மடித்த துணியை மேசைமேல் பிரித்தார். அதுவும் பனியன்தான். நெஞ்சுப் பக்கம் முழுக்கக் கருகியிருந்தது. ஓரம் மட்டும் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது, அதில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல், பக்கத்தில் முக்கோணம், இரண்டு புள்ளி.

"காலையில் நான் உங்களிடம் பொய் சொன்னேன்," என்றார் மேஜர். "அதற்காக வருத்தப்படுகிறேன். விமானத்துக்குள்ளேயேதான் இருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. மரியாதையோடு அடக்கம் செய்கிறோம்."

"இல்லை," என்றான் தஸ்நேவிஸ். "பக்கத்து ரூம்ல இருக்கார். இருமினாரு. நான் கேட்டேன்."

பக்கத்து அறையில் இருமல் கேட்டது. மேஜர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, "கரீம், தண்ணீர் குடி," என்று குரல் கொடுத்தார். "என் டைப்பிஸ்ட்," என்றார் இவனிடம். "பீடியை விடு என்றால் கேட்பதில்லை."

தஸ்நேவிஸ் கருகின பனியனையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஜர் அந்த முக்கோணத்தை விரலால் தடவினார். "எனக்கு இருபத்து மூன்று வயசில் என் சட்டையிலும் இது இருந்தது. வாரம் ஒரு காலுறையைத் தொலைத்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவான் டோபிக் கிழவன். பையன் ஒருத்தன் இருந்தான், பன்சி. அவன்தான் இப்போது போடுகிறானோ?" பதில் வராது என்று அவருக்கே தெரியும், காத்திருக்கவில்லை. "காலையிலேயே இதைப் பார்த்துவிட்டேன். பார்த்து என்ன செய்ய? பட்டாளத்தான் பத்து ஊர் போவான், பத்து டோபியும் குறி போடுவான். போன வருஷம் பயிற்சிக்குப் போயிருப்பார்கள், அப்போது போட்டதாக இருக்கும் என்று ஒதுக்கி வைத்தேன். இதை வைத்து மேலிடத்தில் பேசினால் சிரிப்பார்கள்." இவனுடைய பனியனை எடுத்துக் கருகினதன் பக்கத்தில், ஓரத்தோடு ஓரம் பொருந்த வைத்தார். வட்டத்துக்கு நேரே வட்டம் இருந்தது. முக்கோணத்துக்கு நேரே ஈரம் காயாத ஓட்டை. "இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் தின்றிருக்கிறீர்கள்," என்றார். அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. எழுந்து, இவன் உதட்டின் கொப்புளத்தை ஒரு கணம் பார்த்து, டாக்டரிடம் களிம்பு வாங்கிக் கொடுக்கும்படி ஹவில்தாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணி கூட ஆகியிருக்காது. மாமரங்களுக்கு அடியில் எட்டும் நிற்கும், இந்நேரம் பன்சி வெளுத்த துணிகளைக் கூடாரம் கூடாரமாகக் கொண்டு போய்க் கொடுத்துக்கொண்டிருப்பான். பொய் சொல்லு, ஏதாவது சொல்லு, வேறு ஊர் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, என்று தஸ்நேவிஸ் தன்னையே அடித்துக்கொண்டான், கதவில் போய் மோதி, "மேஜர் சாப்! மேஜர் சாப்!" என்று கத்தினான், எதைச் சொல்வது என்று தெரியாமலே கத்தினான். ஹவில்தார் வெளியிலிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பொறுங்கள் சாகிப், களிம்பு வரும் என்றான். பக்கத்து அறையில் டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றுகிற சத்தம் கேட்டது. தஸ்நேவிஸ் மங்கள வார்த்தையைத் தொடங்கினான். பாதி கூட முடியவில்லை. காலையிலிருந்து அவன் மனதுக்குள்ளும் சொல்லாத பெயரை மேஜர் டெலிபோனில் சொன்னார். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இரண்டாம் முறை எழுத்துக் கூட்டிச் சொன்னார்.